பிரதியின் பிரதி

எண்பத்து மூன்று, பிரேமர்ஹாஃபன்.
கப்பல் கட்டும் தளத்தில் ஆள்குறைப்பு நடந்த வருடம்.
மீன் துறைமுகத்தில் அம்மா ஹெரிங் மீனுக்கு முள் எடுத்தாள்,
மணிக்கு இத்தனை கிலோ என்று கணக்கு.
மாலையில் ரப்பர் பூட்ஸைக் கழற்றும்போது
வீட்டுக்குள் முதலில் நுழைவது வாடைதான்,
பிறகுதான் அவள்.

அமெரிக்க முகாமின் சலவைக்கூடத்திலிருந்து
எர்ஜுமெண்டின் கைக்கு வந்தது அந்தக் கேசட்.
எந்தச் சிப்பாயின் கால்சட்டைப் பையிலோ கிடந்தது,
துவைபடாமல் தப்பியது.
பெயரில்லை. பென்சிலில் ஒரு தேதி மட்டும்.
நியூயார்க்கில் ஏதோ ஒரு மைதானம்,
ஏதோ ஓர் இரவு,
அதன் பிரதி, அந்தப் பிரதியின் பிரதி.
இசையைவிட இரைச்சல் அதிகம்,
அடுப்பில் எண்ணெய் காய்வதுபோல.

முதல் தடவை கேட்டபோது
டேப் ரிக்கார்டர் பழுதென்று நினைத்தோம்.
ஒரே தாளம், திரும்பத் திரும்ப.
அதன் மேல் ஒருவன் பேசுகிறான்,
பாடவில்லை, பேசுகிறான்,
கடனைக் கேட்டு வந்தவனை
வாசலிலேயே மடக்குகிற வேகத்தில்.
"இது பாட்டா, வழக்கா?" என்றார் அப்பா.
கீழ்வீட்டு வ்யூபெனா அம்மாள்
துடைப்பக் கட்டையால் எங்கள் தரையை அடியிலிருந்து இடித்தாள்.
இடித்ததும் தாளத்தில்தான் இருந்தது.
அதை அவளிடம் யாரும் சொல்லவில்லை.

எங்களில் ஒருவருக்கும் ஆங்கிலம் வராது.
காதில் விழுந்தபடி எழுதி வைத்தோம்
கணக்கு நோட்டின் கட்டங்களுக்குள்.
முதல் பக்கத்தின் கடைசியில் ஓரிடம்.
தாளம் நின்றுவிடும்.
அவன் குரல் மட்டும் தனியாக:
மூட்... ப்யூயுக்!
மறுபடி, மூட்... ப்யூயுக்!
கூட்டம் ஆர்ப்பரிக்கும்.

எர்ஜுமெண்ட் எழுந்து நின்றுவிட்டான்.
மூட், ஜெர்மனில் துணிச்சல்.
ப்யூயுக், எங்கள் துருக்கியில் பெரிது.
"அவனுக்கு நம்மைத் தெரியும்" என்றான்.
கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவன்
எங்கள் இரண்டு மொழியையும் ஒட்டுப்போட்டு
துணிச்சல் பெரிது என்கிறான்.
நாங்களோ அதுவரை
ஒரு மொழியில் விருந்தாளிகள்,
இன்னொன்றில் விடுமுறைக்கு வருபவர்கள்.

மீன் பெட்டிகளைப் பிரித்து
ரயிலடிக்குப் பின்னால் விரித்தோம்.
மெழுகு பூசிய அட்டை. முதுகு வழுக்கிச் சுழலும்.
ஸ்த்ராவ்கோ தலைகீழாய் நிற்பான்,
முடியில் செதில் மினுங்க.
நான் டேப்பைச் சுமப்பவள்.
ஆறு பேட்டரி, என் இரண்டு வாரக் கைக்காசு.
ஆடு என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை.
ஒரு நாள் சொல்லாமலே ஆடினேன்.
விழுந்தேன்.
எல்லாரும் கத்தினார்கள், மூட் ப்யூயுக்!
உதட்டில் ரத்தம், ஹெரிங் உப்பு.

உள்ளூர்ப் பத்திரிகை படம் போட்டது,
'கோடைக் காய்ச்சல்' என்ற தலைப்பில்.
நடனப் பள்ளியில் நாற்பது மார்க்குக்கு
அதே சுழற்சியைச் சொல்லித்தந்தார்கள்,
வாடை இல்லாமல்.

முகாம் மூடிய பின்னும் ஊரிலேயே தங்கி
பஸ் ஓட்டுகிற ரோஸெல்
என் நாற்பதாவது பிறந்தநாளில் அதைக் கேட்டார்.
புரையேறும்வரை சிரித்தார்.
பியூக், ஒரு காரின் பெயர்.
எவனோ வழியை மறித்து நிறுத்திவிட்டான்.
வண்டியை எடு என்கிறான் அவன்.
அவ்வளவுதான்.

யாரும் எங்களுக்குக் காதில் பூச்சுற்றவில்லை.
காது தானே பறித்துச் சூடிக்கொண்ட பூ.
எர்ஜுமெண்ட் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்,
பிறகு ரோஸெலுக்கு இன்னொரு துண்டு கேக் வைத்தான்.
ஸ்த்ராவ்கோவிடம் இன்னும் சொல்லவில்லை.
அவன் தோளில் அது பச்சை குத்தியிருக்கிறது.

அந்த பியூக்கின் சொந்தக்காரன்
வண்டியை எடுத்தானா,
தெரியாது.
அந்த இடத்தில் பக்கம் முடிந்துவிடுகிறது.